பிரேக் பேட் மாற்றும்போது கேலிப்பர் போல்ட் அசையவில்லை என்றால்?

பட்டர்வொர்த்தில் மீன் ஏற்றும் சின்ன லோரி, முன்சக்கர பேட் மாற்றப் பார்த்தால், பேடைப் பிடித்திருக்கும் கேலிப்பரின் போல்ட் அசையவே மாட்டேன் என்கிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். கடற்காற்றும் மீன் தண்ணீரும் சேர்ந்தால் துருப் பிடிக்காமல் என்ன செய்யும்!

முதலில் திருப்பும் திசையைப் பாருங்கள். போல்ட்டின் தலை உள்பக்கம் இருக்கும். வெளியே உட்கார்ந்து கையை உள்ளே விட்டுத் திருப்பும்போது, கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டிருப்போம். நானே அரை மணி நேரம் அப்படி மல்லுக்கட்டியிருக்கிறேன்.

திசை சரிதான் என்றால், துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஓர் இரவு விடுங்கள். டிஸ்க்கில் மட்டும் படக்கூடாது. அப்புறம் போல்ட் தலையில் சுத்தியலால் நாலு தட்டு. 12 முனை சாக்கெட் போட்டால் போல்ட் தலையை மழுக்கிவிடும். 6 முனை சாக்கெட்டும் நீளமான கைப்பிடியும் எடுங்கள். கொஞ்சம் இறுக்கி, பிறகு தளர்த்திப் பாருங்கள். போல்ட்டோடு, கேலிப்பர் நகர்வதற்கான ஸ்லைடு பின்னும் சேர்ந்து சுற்றினால், அதை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளுங்கள்.

போல்ட்டை நெருப்பு வைத்துச் சூடாக்கித் தளர்த்துவது எனக்குப் பிடிக்காது. ரப்பர் உறையும் பிரேக் ஹோஸும் பக்கத்திலேயே இருக்கின்றன, அடித்த எண்ணெயும் பற்றிக்கொள்ளும். அந்த நிலை வந்தால் பட்டறைக்காரரிடம் விட்டுவிடுங்கள்.

திரும்ப மாட்டும்போது புது போல்ட் போடுங்கள். ஸ்லைடு பின்னுக்கு பிரேக்குக்கான சிலிக்கான் கிரீஸ்தான். சாதா கிரீஸ் ரப்பரை உப்ப வைத்துவிடும். எவ்வளவு இறுக்குவது என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும்.