பொன்னியின் செல்வன் ஃபேன் ஃபிக்‌ஷனுக்கு "நன்றி: கல்கி" என்று போட்டால் போதுமா?

கேள்வி: ரசிகர்கள் கதை பதிவேற்றும் தளங்களான வாட்பேடிலும் ஏஓ3-யிலும் பொன்னியின் செல்வனை வைத்து ஃபேன் ஃபிக்‌ஷன் (பிறர் படைப்பின் பாத்திரங்களை வைத்து ரசிகர் எழுதும் கதை) எழுதத் தொடங்கியிருக்கிறேன். மூலத்துக்கு முறையாகக் கிரெடிட் கொடுப்பது எப்படி? "பாத்திரங்கள் எனக்குச் சொந்தமில்லை, நன்றி கல்கி" என்று ஒரு வரி போட்டால் போதாதா?

கல்கிக்கு அது போதும். சொல்லப்போனால் அவருக்கு அதுகூடத் தேவையில்லை. முதல் பத்தியில் குந்தவையும் வந்தியத்தேவனும் வந்தவுடனே இது யார் கட்டிய வீடு என்று வாசகருக்குத் தெரிந்துவிடும். அந்த ஒற்றை வரியில் விடுபட்டுப் போகிறவர்கள்தான் சிக்கல்: படத்தின் திரைக்கதை, அட்டைக்கு எடுத்த ஓவியம், நீங்கள் படித்த ஆங்கில மொழிபெயர்ப்பு, உங்களுக்கு முன்பே அதே இடத்தில் கதை எழுதிவைத்த இன்னொரு ரசிகர். கிரெடிட் உண்மையில் வேண்டியிருப்பது இவர்களுக்கு.

ஆகவே எழுதி முடித்ததும் முதல் வேலை, எது எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்ப்பது. பொன்னியின் செல்வனில் இது மற்ற நாவல்களைவிடக் கொஞ்சம் வம்பு பிடித்த வேலை. ஏனென்றால் அடியில் வரலாறு, அதன்மேல் கல்கி, அவர்மேல் படம், எல்லாவற்றுக்கும் மேலே ரசிகர்கள் என்று நான்கு அடுக்கு.

ரவிதாசனையே எடுத்துக்கொள்ளுங்கள். காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடிக் கல்வெட்டில், சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் பட்டியலில் சோமன், பரமேஸ்வரன் இவர்களோடு ரவிதாசன் பெயரும் இருக்கிறது. அந்தப் பெயரும் அந்தக் குற்றமும் வரலாற்றுக்குச் சொந்தம். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆனால் ஆந்தை போலக் குரல் கொடுக்கும் மந்திரவாதி ரவிதாசன் கல்கியின் ஆள். வந்தியத்தேவனும் அப்படித்தான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குந்தவையின் கணவராக அந்தப் பெயர் வருகிறது; வாய்த்துடுக்கும் அவசரபுத்தியும் கல்கி கொடுத்தவை. நந்தினி, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான் மூவரும் முழுக்கக் கல்கியின் கற்பனை. "சோழர் வரலாற்றைத் தழுவியது" என்று மட்டும் போட்டுவிட்டு உள்ளே நந்தினியை நடமாடவிட்டால் அது தவறான கிரெடிட். இந்தத் தவறு தளங்களில் மிகுதி. வரலாற்றுப் புதினம் என்று சொல்லிக்கொள்வதில் ஒரு கம்பீரம் இருக்கிறது போலும்.

அடுத்தது படம். 2022, 2023-இல் இரண்டு பாகமாக வந்த படத்தைப் பார்த்துவிட்டு எழுதுகிறவர்கள், தாங்கள் நாவலிலிருந்து எழுதுவதாகவே நம்பிக்கொண்டிருப்பார்கள். இதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை போதும்: உங்கள் கதையில் உத்தம சோழன் யார்? நாவலில் சேந்தன் அமுதன்தான் செம்பியன் மாதேவியின் உண்மையான மகன். முடி சூடுவது அவன். (நாவலை இன்னும் படிக்காதவர்கள் மன்னிக்க.) படத்தில் அந்தத் திருப்பம் கிடையாது, மதுராந்தகனே உத்தம சோழனாகிறான். மணிமேகலை படத்தில் இல்லவே இல்லை. ஆக உங்கள் மதுராந்தகன் கடைசியில் அரியணையில் உட்கார்ந்தால், நீங்கள் எழுதுவது படத்தின் தொடர்ச்சி. "மூலம்: கல்கியின் நாவல்" என்று போட்டிருந்தால் நாவல் படித்தவர் வந்து உங்களுக்குக் கதையே தெரியவில்லை என்று பின்னூட்டம் போடுவார். படத்துக்கு உரிய கிரெடிட்டும் போயிற்று, உங்கள் மானமும் போயிற்று.

பாட்டு விஷயத்தில் இதே குழப்பம் இன்னும் கூர்மையாக வரும். கோடிக்கரைக் காட்சியில் பூங்குழலி பாடுவதாக எழுதும்போது "அலைகடலும் ஓய்ந்திருக்க அகக்கடல்தான் பொங்குவதேன்" என்ற வரியைச் சேர்த்தால் அது கல்கி நாவலில் எழுதியது. படத்திலும் 'அலைகடல்' என்று தொடங்கும் பாட்டு ஒன்று உண்டு; அது படத்துக்காகப் புதிதாக எழுதியது. நினைவிலிருந்து எழுதினால் இரண்டும் கலந்துவிடும். வரியை மேற்கோள் குறிக்குள் போட்டு, அந்த அத்தியாயத்தின் அடிக்குறிப்பிலேயே யாருடையது என்று சொல்லிவிடுங்கள். படப்பாட்டாக இருந்தால் வரிகளை எடுத்து ஒட்டவே வேண்டாம். அவள் பாடினாள் என்று எழுதிவிட்டு நகருங்கள்.

சட்டம் எங்கே நிற்கிறது என்றும் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் கிரெடிட்டையும் அனுமதியையும் பலர் ஒன்றாகவே போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன்படி எழுத்தாளர் மறைந்த அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். கல்கி மறைந்தது 1954 டிசம்பர் 5. கணக்கு 2014 கடைசியோடு முடிந்தது. அதற்கு முன்பே அவர் எழுத்துகள் நாட்டுடைமையும் ஆகிவிட்டன. ஆக, நாவலை வைத்து எழுத யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். படத்துக்கு உரிமை வெளியீட்டிலிருந்து 60 ஆண்டு. 2022 படம் என்றால் 2082 முடிகிறவரை. "எனக்குச் சொந்தமில்லை" என்ற வரி இந்த உரிமையை ஒரு நாள்கூடக் குறைக்காது. அந்த வரிக்குப் பயன் வாசகரிடம் மட்டும்: நீங்கள் மறைக்கவில்லை என்று காட்டும், அவ்வளவே.

இன்னொன்று, அதே சட்டத்தின் பிரிவு 57. இதை எழுதியது நான்தான் என்று எழுத்தாளர் உரிமை கோருவதும், பெயருக்குக் களங்கம் வரும்படி படைப்பைச் சிதைத்தால் தடுப்பதும் அந்தப் பிரிவில் வரும். சிதைவைத் தடுக்கும் உரிமை பதிப்புரிமைக் காலத்துக்குள் மட்டும்தான் என்று முன்பு ஒரு வரம்பு இருந்தது. 2012 திருத்தத்தில் அந்தச் சொற்களை எடுத்துவிட்டார்கள். ஆகவே உரிமைக்காலம் முடிந்தாலும் பெயர் சொல்லும் கடமை முடிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

கல்கியின் எழுத்து பொதுவுடைமை (பப்ளிக் டொமைன், அதாவது யாரும் எடுத்தாளலாம்) என்பதால் அவரைச் சுற்றியுள்ள எல்லாமே பொதுவுடைமை ஆகிவிடாது. ஆங்கில மொழிபெயர்ப்பு அந்த மொழிபெயர்ப்பாளரின் சொத்து. ஆங்கிலத்தில் ஃபேன்ஃபிக் எழுதுகிறவர்கள் அதிலிருந்து வசனத்தை எடுத்தால் கல்கியோடு மொழிபெயர்ப்பாளர் பெயரையும் போட வேண்டும். அட்டைப்படம் அதைவிட மோசம். தொடராக வந்தபோது படம் வரைந்த மணியம் மறைந்தது 1968-இல், அதாவது 2028 முடிகிறவரை உரிமை இருக்கிறது. அவருடைய நந்தினியை வெட்டி, மேலே தங்க எழுத்தில் தன் புனைபெயரைப் பொறித்து அட்டையாக்கியவர்களை வாட்பேடில் எண்ணி மாளாது. ஓவியர் பெயரைக் கதைக்குறிப்பில் போடுவது குறைந்தபட்ச மரியாதை. சொந்தமாக ஒரு எளிய அட்டை செய்துகொள்வது அதைவிட நிம்மதி. கல்கிக்குப் பின் வந்த தொடர்ச்சி நாவல்களும் தனி அடுக்கு. விக்கிரமனின் நந்திபுரத்து நாயகியில் நடக்கும் ஒன்றை எடுத்துக்கொண்டு கல்கிக்கு நன்றி சொல்வதில் அர்த்தமில்லை.

சரி, எங்கே போடுவது?

ஏஓ3-யில் இதற்கென்றே இடங்கள் இருக்கின்றன. ஃபேண்டம் டேகில் (எந்தப் படைப்பை வைத்து எழுதியது என்று காட்டும் குறிச்சொல்) தட்டச்சு செய்யும்போது கீழே இறங்கும் பட்டியலிலிருந்தே தேர்ந்தெடுங்கள். சொந்தமாக ஒரு டேக் உருவாக்கினால் தேடுகிறவர் கண்ணில் படாமல் போகலாம். நாவல், படம் இரண்டிலிருந்தும் எடுத்திருந்தால் இரண்டு டேகும் போட வேண்டும். ஆசிரியர் குறிப்பை முதல் அத்தியாயத்தின் தலையில் வையுங்கள். குறிப்புக்கு 5000 எழுத்துகள் இடம் உண்டு. சுருக்கத்துக்கு 1250தான், அதில் கிரெடிட்டைத் திணித்துக் கதையைச் சொல்ல இடமில்லாமல் ஆக்கிக்கொள்ளாதீர்கள். சிலர் தங்கள் புரொஃபைல் பக்கத்தில் மட்டும் ஒரு பொதுவான அறிவிப்பைப் போட்டுவைப்பார்கள். கதையை இபப் மின்னூலாக இறக்கிப் படிப்பவரிடம் குறிப்புகள் கூடவே போகும், புரொஃபைல் போகாது.

இன்னொரு ரசிகரின் கதையிலிருந்து உங்கள் கதை முளைத்திருந்தால், பதிவேற்றும் படிவத்திலேயே 'இது ஒரு ரீமிக்ஸ் (மறு ஆக்கம்), மொழிபெயர்ப்பு, பாட்ஃபிக் (ஒலிவடிவம்) அல்லது வேறொரு படைப்பின் தூண்டுதலால் எழுந்தது' என்ற பொருளில் ஒரு பெட்டி இருக்கும். அதைத் திறந்து அந்தக் கதையின் லிங்கைக் கொடுங்கள். அந்தக் கதை ஏஓ3-யிலேயே இருந்தால் லிங்க் மட்டும் போதும். வெளியே இருந்தால் தலைப்பு, ஆசிரியர் பெயர், மொழி மூன்றையும் நிரப்ப வேண்டும். வெளியிட்டதும் மூலக்கதைக்காரருக்குத் தகவல் போகும். அவர் ஒப்புக்கொண்டால் அவர் கதையின் அடியிலும் உங்கள் கதைக்கு ஒரு லிங்க் தோன்றும். ஒப்புக்கொள்ளாவிட்டாலும் உங்கள் பக்கத்தில் அவர் பெயர் நிற்கும்.

வாட்பேடில் அப்படி ஒரு பெட்டி கிடையாது. கதை விவரத்தின் முடிவில் இரண்டு வரி, முதல் பகுதியின் தலையில் முழுக் குறிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே கவனிக்க வேண்டியது பதிப்புரிமைத் தேர்வுப் பட்டியல். "கல்கி பொதுவுடைமைதானே" என்று நினைத்துப் பொதுவுடைமை என்பதைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். அந்தத் தேர்வு கல்கியைப் பற்றியது அல்ல, உங்கள் எழுத்தைப் பற்றியது. உங்கள் கதையை ஊருக்கே எழுதிக்கொடுத்த மாதிரி. 'அனைத்து உரிமையும் எனக்கே' என்று தேர்ந்தெடுத்தாலும் அது நீங்கள் புதிதாக எழுதிய பகுதிக்கு மட்டுமே செல்லும் என்பதைக் குறிப்பில் ஒரு வரி சேர்த்துவிட்டால் சச்சரவு வராது.

ரசிகர்களுக்குள் எவ்வளவு கடன் வாங்கினால் கிரெடிட், எவ்வளவுக்கு மேல் அனுமதி? உதாரணமாக யாரோ ஒருவர், பூங்குழலிக்கு இலங்கையில் ஒரு தோழியைப் புதிதாகப் படைத்து எழுதியிருக்கிறார் என்று வையுங்கள். "பூங்குழலி மறுபடி இலங்கைக்குப் போனால்?" என்ற எண்ணம் மட்டும் அங்கிருந்து வந்ததென்றால் குறிப்பில் பெயரும் லிங்கும் போதும். அந்தத் தோழியே உங்கள் கதைக்குள் நடக்கிறாள் என்றால், அவள் அந்த ரசிகரின் பாத்திரம். கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். கல்கியின் பாத்திரத்தைக் கேட்காமல் எடுத்தவர் இதற்கு மட்டும் ஏன் கேட்க வேண்டும் என்று வாதம் வரும். பூங்குழலி பொதுவுடைமை, தோழி அப்படியில்லை. அதோடு தோழியைப் படைத்தவர் பின்னூட்டப் பெட்டியில் ஒரு வரி தூரத்தில் இருக்கிறார். மொழிபெயர்ப்புக்கும் ஒலிவடிவத்துக்கும் அனுமதி கட்டாயம். புரொஃபைலில் 'பொது அனுமதி' என்று எழுதிவைத்திருப்பவர்களும் உண்டு, முதலில் அங்கே பாருங்கள். பதில் வரவில்லை என்றால் அது சம்மதம் ஆகாது.

வாக்கியங்களை எடுப்பது வேறு கதை. 2000-களின் தொடக்கத்தில் ஹாரி பாட்டர் வட்டத்தில் மிகப் பிரபலமான ஒரு நெடுந்தொடர், வேறொரு நாவலின் பத்திகளை உரிய கிரெடிட் இல்லாமல் பயன்படுத்தியது என்று சொல்லி 2001-இல் ஃபேன்ஃபிக்‌ஷன்.நெட் தளத்திலிருந்து நீக்கப்பட்டது. மேற்கோளை வாசகர் கண்டுபிடிக்கட்டும் என்று விடுவது விளையாட்டு. பத்திக்கணக்கில் எடுத்தால் அந்த விளையாட்டு செல்லாது.

குறிப்பு எப்படி இருக்கலாம் என்று ஒரு மாதிரி:

"களமும் மாந்தரும் கல்கியின் பொன்னியின் செல்வன் (1950–54) நாவலிலிருந்து. கதை ஐந்தாம் பாகமான தியாக சிகரம் முடிந்த பிறகு நடக்கிறது. உத்தம சோழன் நாவலில் உள்ளபடியே. 3-ஆம் அத்தியாயத்தில் பூங்குழலி பாடும் வரி கல்கியுடையது. அவள் இலங்கைக்குத் திரும்பும் எண்ணம் (பெயர்) எழுதிய (கதை) படித்தபோது வந்தது, லிங்க் கீழே. பாய்மரம் பிடிக்கும் பெண் என் கற்பனை."

கடைசி வரியைக் கவனியுங்கள். உங்களுடையது எது என்று சொன்னால்தான், நாளைக்கு உங்களிடமிருந்து எடுப்பவர் அதையும் கல்கி கணக்கில் எழுதாமல் இருப்பார். வந்தியத்தேவனைப் பற்றி ரசிகர்கள் கட்டிவிட்ட எத்தனையோ விஷயங்கள் இன்று நாவலில் இருப்பதாகவே சுற்றுகின்றன.

காசு விஷயம் சுருக்கமாக. ஏஓ3-யில் நன்கொடை லிங்க், 'என் புத்தகம் கிண்டிலில் கிடைக்கும்' போன்ற விளம்பரம் எதுவும் குறிப்பில் வரக்கூடாது. கிரெடிட் எவ்வளவு அழகாக இருந்தாலும் புகார் போகும். கதையைப் புத்தகமாக்கவோ, சந்தா கட்டிப் படிக்கும் தளத்தில் போடவோ நினைத்தால் படத்திலிருந்து வந்ததையும் பிற ரசிகர்களிடமிருந்து வந்ததையும் உருவிவிட்டு நாவலையும் கல்வெட்டையும் மட்டும் வைத்துத் திருத்தி எழுதுங்கள். யார் யாருடையது என்று குறிப்பில் முதலிலேயே எழுதியிருந்தால் அந்த வேலை பாதி முடிந்த மாதிரிதான்.

லிங்க் கொடுக்கும்போது ஆளின் புரொஃபைலுக்குக் கொடுக்காமல் கதைக்கே கொடுங்கள். பயனர்பெயரை மாற்றினால் புரொஃபைல் லிங்க் செத்துவிடும். ஏஓ3-யில் கதையின் எண் மாறாது. கதையையே அழித்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு, அதனால் லிங்கோடு தலைப்பையும் பெயரையும் எழுத்தாகவும் போட்டுவையுங்கள். அப்படி அழித்தவர் தன் பெயரையும் எடுக்கச் சொன்னால் எடுத்துவிட்டு, 'இப்போது தளத்தில் இல்லாத ஒரு கதையின் தூண்டுதலால்' என்று மாற்றிக்கொள்ளலாம்.