வெளிச்சமான கண்காட்சிக் கூடத்தில் புரொஜெக்டர்: கேள்வி பதில்

கேள்வி: தொழிற்கண்காட்சியில் எங்கள் ஸ்டாலுக்கு 5,000 லூமென் ஒளி தரும் புரொஜெக்டரை வாடகைக்கு எடுத்தோம். அலுவலகத்தில் பளிச்சென்று தெரிந்த படம் அங்கே வெளுத்துப்போனது ஏன்?

பதில்: புரொஜெக்டரால் ஒளியைக் கூட்டத்தான் முடியும், கறுப்பை உண்டாக்க முடியாது. கறுப்பாகத் தெரிய வேண்டிய இடத்தில் கூடத்து விளக்கொளி எவ்வளவு விழுகிறதோ, அதுவே உங்கள் கறுப்பு. 3 மீட்டர் அகலமுள்ள 16:9 திரையின் பரப்பு சுமார் 5 சதுர மீட்டர் என்பதால், 5,000 லூமென் அதில் பரவும்போது 1,000 லக்ஸ் (அதாவது சதுர மீட்டருக்கு 1,000 லூமென்) கிடைக்கிறது. கூடத்து விளக்குகளும் அதே திரையில் 500 லக்ஸ் கொட்டினால், வெள்ளை 1,500, கறுப்பு 500 என்றாகி, இரண்டுக்கும் உள்ள விகிதம் 3:1 ஆகச் சுருங்கிவிடும். நுணுக்கம் தேவைப்படாத, பொதுவாகப் பார்த்துப் புரிந்துகொள்ளும் காட்சிக்கே குறைந்தது 7:1 வேண்டும் என்கிறது அமெரிக்காவின் ஒலி-ஒளித் துறைச் சங்கமான அவிக்ஸாவின் (முன்பு இன்ஃபோகாம்) தரநிலை. வீடியோவுக்கு அது கேட்பது 80:1.

கேள்வி: அப்படியானால் 15,000 லூமென் கருவிதான் வழியா?

பதில்: 7:1 பெறக் கணக்கு அப்படித்தான் வரும், ஆனால் அதன் வாடகையும் சூடும் விசிறிச் சத்தமும் சிறிய ஸ்டாலுக்கு ஒவ்வாதவை. படத்தின் அகலத்தை 1.7 மீட்டராகக் குறைத்தாலே இருக்கும் கருவி 7:1 தந்துவிடும். அதைவிட நான் வற்புறுத்துவது, திரைக்கு நேர் மேலுள்ள விளக்குகளை அணைக்கச் சொல்லி, மேல் விளிம்பிலிருந்து முன்னோக்கி நீளும் கறுப்புத் துணிப் பந்தல் ஒன்றைக் கட்டி, திரையில் விழும் ஒளியை 100 லக்ஸுக்குக் கொண்டுவருவது. அப்போது முழு அகலத்திலேயே 11:1 கிடைக்கும். லக்ஸ் மீட்டரைத் தரையில் வைத்து அளக்காதீர்கள். திரையின் நடுவில், கூடத்தைப் பார்த்தபடி பிடித்து அளக்க வேண்டும்.

கேள்வி: சாம்பல் நிறத் திரை உதவுமா?

பதில்: சாதாரணச் சாம்பல் திரை வெள்ளையையும் கறுப்பையும் ஒரே அளவில் மங்கச் செய்வதால், நேராக விழும் விளக்கொளிக்கு எதிராக அதனால் பயனில்லை. அறையின் வெளி ஒளியைத் தவிர்க்கும் ஏ.எல்.ஆர். (ambient light rejecting) திரையே தேவை. மிகக் குறைந்த தூரத்திலிருந்து படம் காட்டும் கருவிகளுக்கான ஏ.எல்.ஆர். திரையில் நுண்ணிய வரிப்பள்ளங்கள் இருக்கும். அவை கீழிருந்து வரும் ஒளியைப் பார்வையாளரிடம் திருப்பி, மேலிருந்து வருவதை விழுங்கிவிடும். அத்திரைக்கு எதிரே புரொஜெக்டரைக் கூரையில் மாட்டினால் படமே இருண்டுவிடும் என்பதை வாங்கும் முன் நினைவில் கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் அருங்காட்சியகத்தில் ஓலைச்சுவடிகளுக்கு அருகில் படம் காட்டலாமா?

பதில்: சுவடிகளுக்காக 50 லக்ஸில் வைக்கப்படும் அறை புரொஜெக்டருக்கு மிகவும் ஏற்றது. ஆனால் திரையிலிருந்து சிதறும் ஒளியும் சுவடியின் மேல் விழுந்து, நாள் கணக்கில் சேர்ந்து அதனைப் பாதிக்கும். ஆகவே வெள்ளைப் படம் ஓடும்போது சுவடிப் பெட்டியினுள் அளந்து, 50 லக்ஸைத் தாண்டினால் திரையின் திசையை மாற்றுங்கள்.

கேள்வி: கண்ணாடிச் சுவர் வழியாக நேர் வெயில் திரையில் விழுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: புரொஜெக்டரை விட்டுவிட்டு எல்.இ.டி. சுவரை (தானே ஒளிரும் பெரிய திரையை) வாடகைக்கு எடுங்கள்.