விலை கொடுக்கப்போகிறவர் யார்?

அன்புள்ள ஐயா,

கர்த்தருடைய நாமத்தில் வாழ்த்துகள். இஸ்லாமியர் பெரும்பான்மையாக வாழும் ஒரு நாட்டில் ஊழியம் தொடங்க வேண்டும் என்ற பாரம் எங்கள் ஜெபக்குழுவில் நான்கு பேருக்கு இருக்கிறது. எந்த நாடு என்று முடிவாகவில்லை. சுற்றுலா விசாவில் போய், இருக்கும்வரை சுவிசேஷக் கைப்பிரதி கொடுத்துவிட்டுத் திரும்பலாம் என்கிறார் ஒரு சகோதரர். பெயருக்கு ஒரு கம்பெனி பதிவு செய்து உள்ளே போய்விடலாம் என்கிறார் இன்னொருவர். எங்களில் ஒரு சகோதரி செவிலியர். வளைகுடாவில் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறார். பிடிபட்டால் சிறை என்கிறார்கள். அதற்கும் தயாராக இருக்கிறோம். எங்கிருந்து தொடங்குவது?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள சகோதரருக்கு,

சிறைக்கும் தயார் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வைராக்கியத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு ஆளைக் காணவில்லை. உங்கள் கையிலிருந்து அந்தக் கைப்பிரதியை வாங்கப்போகிறவர்தான் அவர். அவருக்கு என்ன ஆகும் என்ற கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஒரு முஸ்லிமின் விசுவாசத்தை அசைக்க முயன்றால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை என்கிறது மொராக்கோவின் தண்டனைச் சட்டம். அல்ஜீரியாவில் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள். ஆனால் வெளிநாட்டுக்காரரைப் பெரும்பாலும் விமானம் ஏற்றி அனுப்பிவிடுவதோடு சரி. 2010 மார்ச்சில் மொராக்கோவில் அதுதான் நடந்தது. ஐன் லூ என்ற ஊரில் ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்துவந்த வெளிநாட்டுக் கிறிஸ்தவர்கள்மேல் மதமாற்றக் குற்றச்சாட்டு வந்தது. இல்லை என்று மறுத்தார்கள், பலனில்லை. அவர்கள் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களைப் பெற்றோராக எண்ணி வளர்ந்த 33 பிள்ளைகள் அங்கேயே நின்றார்கள்.

உள்ளூர்க்காரருக்கு ஏறிப்போக விமானம் கிடையாது. மதம் மாறினார் என்று தெரிந்தால் பல நாடுகளில் திருமணம், வாரிசுரிமை, பிள்ளைகளை வளர்க்கும் உரிமை எல்லாமே ஆட்டம் காணும். மலேசியாவில் லினா ஜாய் என்ற பெண் தன் அடையாள அட்டையில் இஸ்லாம் என்று இருப்பதை நீக்கக் கேட்டு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போனார். 2007இல் தோற்றார். இவ்வளவு பெரிய விலையை ஒருவர் கொடுக்க நேரும்போது, அவருக்குச் செய்தி சொன்னவர் பக்கத்தில் இல்லாமல் ஊர் திரும்பியிருப்பது எனக்குச் சரியாகவே படவில்லை. அதனால் சுற்றுலா விசா யோசனையை விட்டுவிடுங்கள்.

இந்தோனேசியாவின் ஜாவா தீவில் 19ஆம் நூற்றாண்டில் நடந்த கதையை நீங்கள் நால்வரும் தேடிப் படிக்க வேண்டும். அங்கே சுவிசேஷம் வேர்பிடித்தது பெரிய மிஷன் சங்கங்களால் அல்ல. சுரபாயாவில் எம்டே என்ற ஜெர்மன் கடிகாரக்காரர் இருந்தார். ங்கோரோ என்ற இடத்தில் காட்டைத் திருத்தி விவசாயம் செய்த கூலன் இருந்தார். அவருடைய தாய் ஜாவாக்காரர். கூலன் விசுவாசப் பிரமாணத்தை உள்ளூர் மெட்டிலேயே சொல்லவைத்தார். கமெலான் இசையையும் வயாங் நிழற்கூத்தையும் விலக்கவில்லை. எம்டேயோ ஞானஸ்நானம் பெற வந்தவர்களிடம் முடியை வெட்டு, ஐரோப்பிய உடை போடு, கமெலானை விடு என்றார். அப்படி மாறியவர்கள் ஊர்க்காரர்கள் கண்ணுக்கு, அந்தத் தீவை அப்போது ஆண்ட டச்சுக்காரர்களாகவே தெரிந்தார்கள்.

அப்புறம் வந்தவர் சாட்ராக். இளமையில் இஸ்லாமியப் பாடசாலையில் படித்த ஜாவாக்காரர், 1867இல் ஞானஸ்நானம் பெற்றவர். கராங்ஜோசோ கிராமத்தில் தங்கி, கியாய் எனப்படும் ஆசான்களோடு ஊரறிய வாதம் செய்தார். தோற்ற ஆசான் தன் சீடர்களோடு வென்றவரிடம் சேர்ந்துவிடுவது அங்கே வழக்கம். அவர் கட்டிய ஆலயம் அடுக்குக் கூரையோடு அந்த ஊர் மசூதியைப் போலவே இருந்தது. பல ஆயிரம் பேர் சேர்ந்தார்கள். 1890களின் தொடக்கத்தில் டச்சு மிஷனெரிகள், இது சரியான கிறிஸ்தவம் அல்ல என்று அவரோடு உறவை முறித்துக்கொண்டார்கள். மக்களில் பெரும்பாலோர் சாட்ராக்கின் பக்கமே நின்றார்கள். அவருடைய உபதேசத்தில் எனக்கும் கேள்விகள் உண்டு. ஆனாலும் அந்த மண்ணில் யார் பேச்சு எடுபட்டது என்பதில் சந்தேகமே இல்லை.

ஆகவே எந்த நாட்டைத் தேர்ந்தெடுத்தாலும், அங்கே ஏற்கெனவே இருக்கிற சபையிடம் முதலில் கேளுங்கள். எகிப்திலும் ஈராக்கிலும் இஸ்லாம் வருவதற்கு முன்பிருந்தே திருச்சபைகள் உண்டு. இந்தோனேசியாவில் கிறிஸ்தவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். 2006ஆம் ஆண்டு விதிப்படி அங்கே ஒரு ஆலயம் கட்ட 90 உறுப்பினர்களின் பெயரோடு அக்கம்பக்கத்தார் 60 பேரின் ஒப்புதலும் வேண்டும். அந்த 60 பேரின் நல்லெண்ணத்தை ஒரு சபை வருடக்கணக்கில் பழகித்தான் சம்பாதிக்கிறது. வெளியிலிருந்து வந்த ஒருவர் தெருவில் நின்று கொடுக்கும் கைப்பிரதி அதை ஒரே நாளில் கெடுத்துவிடும். உள்ளூர்ப் போதகர் "இப்போது வராதீர்கள்" என்றால் போகாதீர்கள்.

பெயருக்குக் கம்பெனி என்பதும் வேண்டாம். சத்தியத்தைச் சொல்லப் போகிறவர் குடிநுழைவு அதிகாரியிடம் பொய் சொல்லிவிட்டு நுழைவதை என்னால் ஏற்க முடியவில்லை. விஷயம் வெளியே வந்தால் முதலில் விசாரணைக்குப் போகிறவர் உங்களிடம் சம்பளம் வாங்கிய உள்ளூர்ப் பையனாகத்தான் இருப்பார். தொழில் செய்வதானால் வரி கட்டி, நான்கு பேருக்கு ஒழுங்காகச் சம்பளம் கொடுத்து உண்மையாகவே செய்யுங்கள். நீங்கள் கிறிஸ்தவர் என்பதை மறைக்கவும் வேண்டாம். கேட்கிறவருக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்லுங்கள் என்றுதான் பேதுருவும் எழுதுகிறார். அந்த மக்களின் மொழியில் அவர்கள் துக்கத்தைச் சொல்லக் கேட்டுப் புரிந்துகொள்ளும் அளவுக்குத் தேறும்வரை பிரசங்கம் பற்றி யோசிக்கவே வேண்டாம். குர்ஆனையும் படியுங்கள், மரியாதையோடு. மரியாளைப் பற்றியும் இயேசுவைப் பற்றியும் அதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஒரு முஸ்லிம் நண்பரோடு உட்கார்ந்து பேச முடியாது.

வளைகுடா என்றதும் சாமுவேல் ஸ்வேமர் ஞாபகத்துக்கு வருகிறார். 1889இல் தொடங்கிய அரேபிய மிஷனின் முன்னோடிகளில் ஒருவர். 1904இல் பஹ்ரைனில் அவருடைய இரண்டு பெண் குழந்தைகள் ஒரு சில நாள் இடைவெளியில் இறந்தார்கள், அங்கேயே அடக்கம். அத்தனை வருட ஊழியத்தில் ஞானஸ்நானம் பெற்றவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் அந்த மிஷன் கட்டிய மருத்துவமனை இன்றும் பஹ்ரைனில் நடக்கிறது. ஆத்தும ஆதாயக் கணக்கு கேட்கிற சபை உங்களை அனுப்புவதானால், இந்தக் கதையை முதலில் அவர்களுக்குச் சொல்லுங்கள்.

உங்களில் முதலில் போக வேண்டியவர் அந்தச் செவிலியர் சகோதரி என்பது என் எண்ணம். முறையான வேலை ஒப்பந்தத்தோடு, தன் பெயரோடு போகட்டும். பஹ்ரைன், குவைத், கத்தார், அமீரகம் ஆகிய நாடுகளில் வெளிநாட்டவர் ஆராதிக்க அனுமதி பெற்ற ஆலயங்கள் உண்டு, சவூதியில் கிடையாது. போன உடனே ஒரு சபையில் சேர்ந்துகொள்ளட்டும். அரபி கற்கட்டும். ஒரே ஒரு விஷயத்தை அவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்: இரவுப் பணியில் நோயாளியிடம் தானாக மதப் பேச்சை எடுக்கக் கூடாது. பிடிக்கவில்லை என்றால் எழுந்துபோக நோயாளியால் முடியாது. அடுத்த ஊசியும் இவர் கையால்தான் போட்டாக வேண்டும். அவர் குணமாகி வீடு திரும்பி, நன்றி சொல்ல வந்து, தானாகக் கேட்டால் அப்போது பேசலாம்.