நீருக்குள் சிறகு, மேலே பள்ளம்: ஹைட்ரோஃபாயில் கேள்வி பதில்

கேள்வி: படகை நீருக்கு மேலே தூக்கும் ஹைட்ரோஃபாயில் சிறகு முழுக்க நீருக்குள்தானே இருக்கிறது? மேற்பரப்பு ஏன் கலைகிறது?

பதில்: சிறகின் மேல்பக்கத்தில் அழுத்தம் குறைகிறது. நீரின் மேற்பரப்பிலோ எப்போதும் காற்றழுத்தம்தான். அழுத்தம் இறங்க முடியாத இடத்தில் நீர்மட்டமே இறங்கிக்கொடுக்கிறது. அந்தப் பள்ளத்தைப் புவியீர்ப்பு நிரப்பப் பார்க்கும். எழும் நீர் மட்டத்தைத் தாண்டிப்போகும், மறுபடி இறங்கும். பின்னால் நீளும் அலைத்தொடர் இதுதான்.

கேள்வி: பெரிய சிறகு என்றால் அலைநீளமும் கூடுமா?

பதில்: கூடாது. அலை சிறகோடு கூடவே வர வேண்டும், எனவே ஆழமான நீரில் அலைநீளத்தை வேகம்தான் தீர்மானிக்கும். வினாடிக்கு 5 மீட்டரில் சுமார் 16 மீட்டர். 10 மீட்டரில் 64. சிறகின் அளவும் ஆழமும் அலையின் உயரத்தைத்தான் மாற்றும்.

கேள்வி: எவ்வளவு ஆழத்தில் வைத்தால் மேற்பரப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், சார்?

பதில்: ஆழத்தை மீட்டரில் யோசிக்காதீர்கள். சிறகின் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை உள்ள அகலத்தால் அளந்து பாருங்கள். நல்ல வேகத்தில், நீளமான சிறகுக்கான எளிய கணக்கு இது: ஓர் அகல ஆழத்தில் தூக்குவிசை இழப்பு 6 சதவீதத்துக்கும் கீழே. அரை அகலத்தில் 17, கால் அகலத்தில் 33. மேற்பரப்பை ஒட்டிவிட்டால் பாதி போய்விடும்.

அலைத்தடை, அதாவது அலை எழுப்புவதால் படகைப் பின்னிழுக்கும் விசை, வேறு கதை. தூக்க வேண்டிய எடை மாறாது என்று வையுங்கள். 1 மீட்டர் ஆழத்தில் அலைத்தடை வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தை ஒட்டி உச்சம் தொடும். அதைத் தாண்டினால் சரசரவென்று இறங்கும். படகு மேலெழும் முன் திணறுவதில் இதற்கும் பங்கு உண்டு. அந்த வேகத்தில் தயங்கி நிற்காமல் கடந்துவிடுங்கள்.

கேள்வி: மேலே வந்தால் தூக்குவிசை குறைவது குறைபாடுதானே?

பதில்: எனக்கு அது மிகப் பிடித்த குணம்! படகு உயர்ந்தால் விசை குறைந்து கீழே வரும்; தாழ்ந்தால் விசை கூடி மேலே போகும். சோவியத் பொறியாளர் ரொஸ்திஸ்லாவ் அலெக்செயெவ் இதையே நம்பி, ஆழம் குறைந்த சிறகுகளோடு 1957இல் ‘ரக்கேத்தா’ ஆற்றுப்படகை ஓடவிட்டார். உயரத்தைச் சமன்செய்யத் தனிக் கருவி தேவைப்படவில்லை. ஆனால் பெரிய அலை எழும் கடலுக்கு இந்த அமைப்பு ஒத்துவராது.

கேள்வி: பின்னால் முதல் அலை மட்டும் உடைந்து நுரைக்கிறது. அதனால் நஷ்டமா?

பதில்: ஆமாம், பெரிய நஷ்டம். சிறகை நீர்த்தொட்டியில் இழுத்து அளந்து ஆய்வாளர் டங்கன் 1983இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள்: உடையாத அலை கோட்பாட்டின்படி தரக்கூடிய அதிகபட்சத் தடையைப்போல் மூன்று மடங்குக்கும் மேல், உடைப்பால் வரும் தடை எட்டியது. பின்னால் வரும் அலைகள் சிறுத்துத் தெரியும். அதைப் பார்த்து ஏமாறாதீர்கள், ஆற்றல் நுரையிலும் சுழலிலும் போயிருக்கிறது.

கேள்வி: நல்ல வேகத்தில் படகு திடீரென்று தொப்பென்று விழுகிறது. சிறகில் நீர் கொதித்து ஆவிக்குமிழி வருவதாலா?

பதில்: திருப்பத்தில் விழுந்தால் முதலில் காற்றைச் சந்தேகப்படுங்கள். சிறகைப் படகோடு இணைக்கும் தாங்குகால் மேற்பரப்பைத் துளைக்கும் இடத்திலோ, வெளியே எட்டிப்பார்த்த சிறகு நுனியிலோ காற்று நுழைந்து, குறைந்த அழுத்தம் இருக்கும் மேல்பக்கத்துக்கு ஓடிவிடும். தூக்குவிசை அந்த நொடியே சரியும். காலில் குறுக்குத் தகடு வைத்தால் காற்று இறங்கும் வழி தடைபடும்.