புதுச்சேரியில் வழிகாட்டி வேண்டாம், வாய்க்காலை மட்டும் தாண்டுங்கள்

கேள்வி: நானும் 66 வயதான என் அம்மாவும் ஒரு நாள் பயணமாகப் புதுச்சேரி வருகிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. மெதுவாகத்தான் நடப்பார், அடிக்கடி உட்கார வேண்டும். பழைய நகரத்தை வழிகாட்டி இல்லாமல் நாங்களே நடந்து பார்க்க முடியுமா? ஓர் ஏஜென்ட் 'ஹெரிட்டேஜ் பேக்கேஜ்' என்று 3,500 ரூபாய் கேட்கிறார். தனியாகப் போனால் வழி தெரியாமல் அலைவீர்கள் என்கிறார். என்ன செய்வது? (வாசகி, திருப்பூர்)

பதில்: தாராளமாக முடியும். அந்த ஏஜென்ட்டுக்கு முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதீர்கள்.

வழி தெரியாமல் அலைவீர்கள் என்று அவர் சொன்னதைக் கேட்டு எனக்குக் கோபம்தான் வந்தது. தமிழ்நாட்டுப் பக்கத்தில் வழி தவறவே முடியாத ஊர் ஒன்று உண்டென்றால் அது புதுச்சேரியின் பழைய நகரம். 1693-இல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து ஊரைப் பிடித்த டச்சுக்காரர்கள் தாயக்கட்டம் போல நேர்நேரான தெருக்களுக்குத் திட்டம் போட்டார்கள். 1699-இல் ஊரைத் திரும்பப் பெற்ற பிரெஞ்சுக்காரர்களும் அதையே பின்பற்றினார்கள். எந்த முனையில் நின்று குழம்பினாலும் கடல் எந்தப் பக்கம் என்று மட்டும் கேளுங்கள். கடல் கிழக்கு. அதற்கு முதுகைக் காட்டி நடந்தால் பெரிய வாய்க்கால் வரும், அதைத் தாண்டினால் தமிழ்ப் பகுதி, இன்னும் போனால் அண்ணா சாலை. பழைய நகரம் அவ்வளவுதான்.

உங்கள் அம்மாவை மனதில் வைத்துச் சொல்கிறேன். காலை 6 மணிக்குக் கடற்கரைச் சாலையில், காந்தி சிலையருகே தொடங்குங்கள். மாலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 7.30 வரை அந்தச் சாலையில் வண்டிகளுக்கு அனுமதி கிடையாது. ஒன்றரை கிலோமீட்டர் சமதளம், ஹாரன் சத்தமில்லை, நினைத்த இடத்தில் உட்காரலாம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இந்த ஊரில் இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. பேக்கேஜ்காரர்கள் பத்து மணிக்குத்தான் வேன் அனுப்புவார்கள். அப்போது வெயில் ஏறியிருக்கும், சாலையில் வண்டிகளும் வந்துவிடும்.

காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் எட்டுக் கல்தூண்களை அம்மாவுக்குக் காட்டுங்கள். செஞ்சியிலிருந்து கொண்டுவந்த தூண்கள் அவை. பக்கத்திலேயே 1836-இல் விளக்கேற்றிய பழைய கலங்கரை விளக்கம் இருக்கிறது. கரையில் ஏன் இவ்வளவு பாறைகள், மணல் எங்கே என்று அம்மா கேட்பார். எல்லோரும் கேட்பதுதான். இந்தக் கரையோரம் மணல் தெற்கிலிருந்து வடக்காக நகரும் இயல்புடையது. 1980-களில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கட்டிய அலைத்தடுப்புச் சுவர்கள் அந்த மணலைத் தெற்கிலேயே நிறுத்திவிட்டன. வடக்கே இருந்த கடற்கரை கரைந்துபோனது. ஊரைக் காப்பாற்றக் கொட்டிய பாறைகள்தான் நீங்கள் பார்ப்பவை. நடுவில் கொஞ்ச தூரம் மணல் தெரிந்தால், அது சில ஆண்டுகளுக்கு முன் கடலடியில் செயற்கைத் திட்டு அமைத்த பிறகு மீண்டு வந்தது.

தெற்கே வந்தால் மேரி கட்டடம். பழைய நகராட்சி மன்றம், 1870-களின் தொடக்கத்தில் முடிந்தது. நீங்கள் பார்க்கப்போவது அதன் நகல். அசல் கட்டடம் 2014 நவம்பரில் ஒரு மழை நாளில் இடிந்து விழுந்தது. விழுவதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே அது பழுதாகிக் கிடந்தது. ஒழுகும் கூரையை நேரத்துக்குச் சரிசெய்யக் கோப்பு நகரவில்லை, விழுந்த பிறகு புதிதாகக் கட்ட நிதி வந்தது. 2021-இல் திறந்தார்கள். பழைய கட்டடங்களைப் பழுது பார்ப்பதே வேலையாக இருந்த எனக்கு அந்த இடத்தைக் கடக்கும்போது இன்றும் வயிறு எரிகிறது. சரி, அதை விடுங்கள்.

அங்கிருந்து உள்ளே திரும்பி பாரதி பூங்காவுக்குப் போங்கள். நிழலும் பெஞ்சுகளும் உண்டு, அம்மா அரை மணி நேரம் உட்காரட்டும். நடுவில் வெள்ளையாக நிற்பது ஆயி மண்டபம். முத்திரையர்பாளையத்திலிருந்து நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவந்ததன் நினைவாக, பிரான்சில் மூன்றாம் நெப்போலியன் ஆண்ட காலத்தில் கட்டியது. தன் வீட்டை இடித்துக் குளம் வெட்டிய ஆயி என்ற தாசியின் கதை இதன் பின்னால் இருக்கிறது. பூங்காவுக்கு வடக்கே ராஜ்நிவாஸ் என்று எல்லோரும் சொல்லிப் பழகிய துணைநிலை ஆளுநர் மாளிகை, அப்புறம் மணக்குள விநாயகர் கோயில். பிரெஞ்சுக்காரர்கள் வருவதற்கு முன்பே இங்கிருந்த பிள்ளையார் இவர். அம்மாவிடம் யானை பார்க்கலாம் என்று சொல்லி வைத்திருந்தால் இதையும் சொல்லிவிடுங்கள்: எல்லோரும் பார்த்துப் பழகிய லட்சுமி 2022 நவம்பர் 30 அன்று காலை நடையின்போது விழுந்து இறந்துவிட்டது.

இதுவரை வந்தது பிரெஞ்சுப் பகுதி, இப்போது எல்லோரும் 'ஒயிட் டவுன்' என்கிறார்களே, அது. பெரும்பாலான பேக்கேஜ் இங்கேயே முடிந்துவிடும். மஞ்சள் சுவர் முன்னால் நாலு படம், கமிஷன் தரும் ஒரு கடை, கமிஷன் தரும் ஒரு ஓட்டல். போதாக்குறைக்கு, '400 வருஷத்து பிரெஞ்சு வீடு' என்று ஒரு கட்டடத்தைக் காட்டுவார்கள். நம்பாதீர்கள். 1761-இல் ஆங்கிலேயர் இந்த ஊரைப் பிடித்து, கோட்டையையும் பிரெஞ்சு நகரத்தையும் தரைமட்டமாக்கினார்கள். திரும்பக் கட்டத் தொடங்கியது 1765-க்குப் பிறகுதான். மஞ்சள் சுவர் வீடுகள் எல்லாம் அதற்கப்புறம் வந்தவை. இதுகூடத் தெரியாதவர் கையில் 3,500 ரூபாயைக் கொடுத்து என்ன தெரிந்துகொள்ளப் போகிறீர்கள்?

ஆரோவில் விஷயத்திலும் இதே ஏமாற்றுதான். அங்குள்ள தியான மண்டபமான மாத்ரிமந்திரை வெளியிலிருந்து பார்க்க அனுமதிச் சீட்டு இலவசம். அதற்கு 'பாஸ் சார்ஜ்' என்று யாராவது கேட்டால் அந்த ஆளிடமிருந்து விலகிவிடுங்கள். எப்படியும் அது ஊருக்கு வெளியே இருப்பது, உங்கள் ஒரு நாள் நடையில் சேராது. பழங்காலத் துறைமுகம் இருந்த அரிக்கமேடும் அப்படியே. 'ரோமானிய நகரம்' என்று ஆட்டோவில் ஏற்றிப்போய், மரங்களுக்கு நடுவே ஒரு சிதைந்த சுவரைக் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். அங்கே கிடைத்த மணிகளும் பானை ஓடுகளும் பாரதி பூங்கா அருகே உள்ள அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. திங்கட்கிழமை மட்டும் வராதீர்கள், அருங்காட்சியகம் விடுமுறை.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது. வாய்க்காலைத் தாண்டுங்கள். பார்க்க அழகில்லாத வாய்க்கால்தான், ஒரு கரையில் செஞ்சி சாலை, மறு கரையில் அம்பூர் சாலை. ஆனால் ஊரை இரண்டாகப் பிரித்த கோடு அது. வெள்ளையர் ஒரு பக்கம், தமிழர் மறு பக்கம். பிரெஞ்சு வீடு தெருவுக்கு உயரமான மதிலைக் காட்டும், தோட்டத்தைத் தனக்கென்று உள்ளே வைத்துக்கொள்ளும். தமிழ் வீட்டுக்குத் தெருவும் வீட்டின் ஒரு பகுதி. மரத்தூண்கள் தாங்கும் ஓட்டுச் சார்ப்பு தெருப்பக்கம் இறங்கி வந்திருக்கும், அதன் நிழலில் திண்ணை. போகிறவர் வருகிறவர் உட்காரவே கட்டியது.

வைசியாள் வீதிக்குப் போங்கள். கல்வே சுப்பராயச் செட்டி வீதி என்றும் சொல்வார்கள். பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பு ஐரோப்பிய நிதியுதவியோடு 2000-களின் தொடக்கத்தில் இந்தத் தெருவின் முகப்புகளைச் சீரமைத்தது. ஒரு வீட்டின் முன்னால் நின்று நிதானமாக அண்ணாந்து பாருங்கள். கீழ்த்தளம் திண்ணையும் மரத்தூணுமாக முழுக்கத் தமிழ் வீடு, மேல்தளம் வளைவு ஜன்னலும் சுண்ணாம்புத் தூணுமாகப் பிரெஞ்சுச் சாயல். ஒரே வீட்டில் இரண்டு ஊர். திண்ணையின் விளிம்பைக் கவனியுங்கள், தலைமுறை தலைமுறையாக ஆட்கள் உட்கார்ந்து உட்கார்ந்து மழுங்கி வழவழவென்றிருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் கார் நிறுத்த இடம் வேண்டுமென்று அப்படி ஒரு திண்ணையை உடைத்தது. தடுக்க ஓர் அலுவலகத்துக்கு நான்கு முறை போனேன். ஐந்தாவது முறை போவதற்குள் அங்கே சிமென்ட் தரை வந்துவிட்டது.

ஈஸ்வரன் கோயில் வீதியில் வேதபுரீஸ்வரர் கோயில். அதைப் பார்த்துவிட்டு மிஷன் வீதி வழியாகத் தெற்கே நடந்து சம்பா கோயிலுக்கு, அதாவது ஜென்மராக்கினி மாதா ஆலயத்துக்கு வாருங்கள். இந்த வரிசையில் போகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆதி வேதபுரீஸ்வரர் கோயில் இந்த மாதா கோயிலை ஒட்டித்தான் இருந்தது. 1748-இல் ஆங்கிலேயர் ஊரை முற்றுகையிட்டிருந்த நேரத்தில், துய்ப்ளே பிரெஞ்சு கவர்னராக இருந்தபோது, அதை இடித்தார்கள். அவரிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை அந்த நாட்களின் வேதனையைத் தன் நாட்குறிப்பில் தமிழில் எழுதி வைத்திருக்கிறார். இரண்டு வாசலிலும் நின்று பார்த்தால்தான் இந்த ஊர் புரியும்.

பிள்ளையின் வீடு பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால், அவர் பெயரிலேயே உள்ள தெருவில் இருக்கிறது. 1738 வாக்கில் கட்டியது, 1761 அழிவுக்கும் தப்பியது. அந்த ஆண்டு ஜனவரியில், ஊர் விழுந்த அதே மாதத்தில், பிள்ளை காலமானார்.

வழிகாட்டி வேண்டாம் என்று சொன்னேன் அல்லவா, அதற்கு ஒரே ஒரு விலக்கு இந்த இடத்தில்தான் வருகிறது. தமிழ் வீட்டின் உள்ளே போக வேண்டுமென்றால் யாராவது துணை வேண்டும். பிள்ளையின் வீடு உட்பட இவை தனியார் வீடுகள். டிக்கெட் கிடையாது, நேரம் கிடையாது, கதவு திறந்திருக்கிறதென்று நுழைந்துவிடக் கூடாது. உள்ளே பூஜை நடக்கும், யாராவது உடம்பு சரியில்லாமல் படுத்திருப்பார்கள். ஆனால் முற்றத்தைப் பார்க்காமல் தமிழ் வீட்டைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. நான்கு பக்கமும் தாழ்வாரம், நடுவில் திறந்த வானம், மழை பெய்தால் வீட்டுக்குள்ளேயே பெய்யும். இதற்கு இரண்டு வழி உண்டு. இன்டாக் போன்ற பாதுகாப்பு அமைப்பினரிடம் ஒரு வாரம் முன்பே கேளுங்கள், வீட்டுக்காரரைத் தெரிந்த ஒருவர் கூட வந்தால் கதவு திறக்கும். அது முடியாவிட்டால், ஓட்டலாக மாற்றிய பழைய தமிழ் வீடுகள் பெருமாள் கோயில் வீதிப் பக்கம் உண்டு, ஒரு காபி சொல்லிவிட்டு முற்றத்தில் உட்கார்ந்து வரலாம். அம்மாவுக்கு இரண்டாவதே சௌகரியம். 'நான் பேசி வீட்டுக்குள் கூட்டிப் போகிறேன், ஐநூறு கொடுங்கள்' என்று தெருவில் வந்து நிற்பவரை மட்டும் நம்ப வேண்டாம். வீட்டுக்காரருக்கு அவர் யாரென்றே தெரியாது. அவரால் அவமானப்பட்டுத் திரும்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தமிழ்ப் பகுதியில் நடைபாதையை நம்பாதீர்கள். பைக் நிற்கும், கல் பெயர்ந்திருக்கும், ஏறி இறங்குவதிலேயே முழங்கால் போய்விடும். காலை பத்து மணிக்குள் சாலையோரமாகவே நடந்து முடித்துவிடுங்கள். வாரத்தின் நடுவில் வாருங்கள். ஞாயிறன்று காந்தி வீதி முழுக்கச் சண்டே மார்க்கெட், அம்மாவால் சமாளிக்க முடியாது. மதியம் கோயில் நடை சாத்திவிடும், வெயிலும் கடுமை. அறையில் ஓய்வெடுங்கள்.

மாலை ஐந்து மணிக்குத் துய்மா வீதிக்கு ஆட்டோவில் போங்கள். மீட்டர் என்ற பேச்சே இருக்காது, ஏறுவதற்கு முன்பே தொகையைப் பேசிக்கொள்ளுங்கள். அங்கே 1855-இல் கட்டிய தேவதைகளின் அன்னை ஆலயம் திறந்திருந்தால் உள்ளே போய்ச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். முட்டை வெள்ளைக்கரு கலந்து அரைத்த சுண்ணாம்புப் பூச்சு, பளிங்கு போலக் குளிர்ந்திருக்கும். வெளியே வந்தால் இரண்டு நிமிடத்தில் கடல். ஆறு மணிக்குக் கடற்கரைச் சாலையை அடைத்துவிடுவார்கள். அம்மா கைப்பிடிச் சுவரில் உட்காரட்டும், நீங்கள் போய்ச் சுண்டல் வாங்கி வாருங்கள்.