ஊதுபத்தி வாங்கும் முன் பீரோவை நகர்த்துங்கள்

கேள்வி: வேளச்சேரியில் தரைத்தள வாடகை வீட்டில் இருக்கிறோம். மழை தொடங்கியதிலிருந்து கதவைத் திறந்தாலே ஈர நெடி. போதாக்குறைக்கு, மீன் வறுத்தால் மறுநாள் வரை வாடை போவதில்லை. ரூம் ஸ்பிரே, ஊதுபத்தி, மின்சாரத்தில் செருகும் வாசனை எண்ணெய் எல்லாம் பார்த்தாகிவிட்டது. மாமியாருக்கு ஆஸ்துமா, எட்டு மாதக் குழந்தையும் இருக்கிறது. வேலை முடிந்து உள்ளே நுழையும்போது வீடு மனதுக்கு இதமாக இருக்க வேண்டும். என்ன வாசனை வாங்கலாம்?

பதில்: இந்த வாரம் எதுவும் வாங்காதீர்கள். ஈர நெடியின் மேல் மல்லிகை ஸ்பிரே அடித்தால் இரண்டும் கலந்து மூன்றாவதாக ஒரு நெடி கிளம்பும். வாசனைப் பொருள் தயாரிப்பில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். நெடியை நறுமணத்தால் அமுக்க முயன்ற வீடு எதுவும் தேறி நான் பார்த்ததில்லை.

முதலில் நெடி எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். நம் மூக்கு எந்த வாசனைக்கும் சில நிமிடங்களில் பழகிவிடும். அதனால் ஜன்னல்களைச் சாத்திவிட்டு அரை மணி நேரம் வெளியே நடந்துவிட்டு வாருங்கள். கதவைத் திறந்ததும் முதல் இரண்டு மூச்சில் தெரிவதுதான் உங்கள் வீட்டின் வாசனை. அந்தச் சூடு ஆறுவதற்குள் ஒவ்வோர் அறையாகப் போய் முகர்ந்து பாருங்கள்.

வெளிச்சுவரை ஒட்டிய பீரோவையும் கட்டிலையும் ஒரு சாண் முன்னே இழுங்கள். பின்பக்கத்தில் கரும்புள்ளியாகவோ வெண்பொடியாகவோ பூஞ்சை படர்ந்திருக்கும் என்றே நினைக்கிறேன். ஜன்னலைத் திறந்துவைத்து, சோப்புத் தண்ணீரில் துடைத்து, மின்விசிறியை ஓடவிட்டு முழுதாகக் காயவையுங்கள். அந்த நேரத்தில் மாமியாரும் குழந்தையும் வேறு அறையில் இருக்கட்டும். பீரோவைத் திரும்பச் சுவரோடு ஒட்டாதீர்கள். பின்னால் காற்று போக வேண்டும். சுவரே கசிந்தால் வீட்டு உரிமையாளரிடம் சொல்லிச் சரிசெய்வதைத் தவிர வேறு வழியில்லை.

அடுத்தது, அதிகம் புழங்காத குளியலறை. தரையில் தண்ணீர் வடியும் ஜாலிக்குக் கீழே வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருக்கும். அதுதான் சாக்கடைக் காற்று மேலே ஏறாமல் தடுக்கிறது. நாள்கணக்கில் தண்ணீர் விடாவிட்டால் அது வற்றிப்போய் நெடி நேராக வீட்டுக்குள் வரும். வாரம் இருமுறை ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால் போதும்.

மீனுக்கு வருகிறேன். மீன் வாடைக்கு முக்கியக் காரணம் டிரைமெத்திலமைன் என்ற காரத்தன்மையுள்ள பொருள். புளிப்பு பட்டால் அது ஆவியாகாத உப்பாக மாறிவிடும். நம் வீடுகளில் மீனைப் புளித்தண்ணீரில் அலசுவது வெறும் சடங்கில்லை. அதே கணக்குத்தான் அடுப்பு மேடைக்கும்: வறுத்து முடித்ததும் அடுப்பையும் பக்கத்து டைல்ஸையும் எலுமிச்சை பிழிந்த தண்ணீரில் துடையுங்கள். சட்டி காயும் முன்பே எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு, இறக்கிய பிறகும் கால் மணி நேரம் ஓடவிடுங்கள். அதுவரை கூடத்துக் கதவு சாத்தியிருக்கட்டும். எண்ணெய்ப் புகை திரைச்சீலையில் ஏறிவிட்டால் துவைக்காமல் போகாது.

துணி அலமாரியில் பாச்சை உருண்டை போட்டிருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். அதில் இருக்கும் நாப்தலீன், ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த குழந்தைகளின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக் கூடியது. அந்தக் குறைபாடு வெளியில் பார்த்துத் தெரிவதில்லை.

இதெல்லாம் முடிந்து நாலைந்து நாள் போன பிறகு வாசனை. உங்களுக்கு நான் சொல்வது வெட்டிவேர். மயிலாப்பூர், பாரிமுனைப் பக்கத்து நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும். வாங்கும்போது ஒரு கொத்தைக் கையில் எடுத்துக் கசக்கி முகர்ந்து பாருங்கள். முதல் மழை விழுந்த மண்ணும், கொஞ்சம் பச்சை மரமும், அடியில் ஓர் இனிப்பும் வர வேண்டும். தூசி வாடை மட்டும் வந்தால் பழைய சரக்கு. வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள். வெட்டிவேர் எண்ணெய் கனமானது, மெதுவாகத்தான் ஆவியாகும். மற்ற வாசனைகள் சீக்கிரம் பறந்துவிடாமல் பிடித்துவைக்க எங்கள் தொழிலில் அதைச் சேர்ப்பது அதனால்தான். முகத்தில் அறையாமல், பக்கத்தில் போனால் மட்டும் தெரியும் அந்த அடக்கம் சின்ன வீட்டுக்கு மிகவும் பொருந்தும்.

இந்த ஈரக் காலத்தில் வேரை நனைக்க வேண்டாம், பூஞ்சை பிடிக்கும். உலர்ந்த வேரைச் சிறு கட்டுகளாக நூலால் கட்டி, அலமாரியில் துணிகளுக்கு நடுவிலும், வாசற்கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியிலும் வையுங்கள். பங்குனி வெயில் வந்ததும் காற்று வரும் ஜன்னலில் வேரைத் தட்டியாகக் கட்டித் தண்ணீர் தெளிக்கலாம். பிற்பகலில் கடல் காற்று அதன் வழியே நுழையும்போது அறையும் குளிரும், வாசமும் வரும்.

சாம்பிராணி எனக்கு மிகவும் பிடித்தது. ஆனாலும் ஆஸ்துமா உள்ள வீட்டில் வேண்டாம் என்றே சொல்வேன். புகை எதுவானாலும் நுண்துகள் மூச்சுக்குழாயை உறுத்தும். ஊதுபத்திக்கும் இதே பதில்தான். மின்சாரத்தில் செருகும் எண்ணெயும் நாள் முழுக்க வேண்டாம். மூக்கு மரத்துப்போக, நீங்கள் அளவைக் கூட்டிக்கொண்டே போவீர்கள். பாதிப்பு மாமியாருக்கும் குழந்தைக்கும்.

வேலை முடிந்து நுழையும் நேரத்துக்கென்று தனியாக ஒன்று வேண்டுமானால், பூ. மல்லிகை மொட்டு மாலையில்தான் விரியும். நீங்கள் வீடு திரும்பும் நேரமும் அதுதான். ஒரு முழம் வாங்கி வாசல் பக்கம் பித்தளைக் கிண்ணத்தில் வையுங்கள். கார்த்திகை, மார்கழியில் மல்லிகை விலை ஏறினால் ஒரு கைப்பிடி மருக்கொழுந்து போதும், காய்ந்தாலும் மணக்கும். முதல் இரண்டு நாள் மாமியாருக்கு இருமலோ இழுப்போ வருகிறதா என்று கவனியுங்கள். வந்தால் பூவையும் விட்டுவிடுங்கள். மல்லிகையை மட்டும் மறுநாள் காலை மறக்காமல் எடுத்துப் போடுங்கள். அழுகத் தொடங்கினால் கிண்ணத்தின் அடியில் கசியும் தண்ணீரே பூஞ்சையைவிட மோசமாக நாறும்.