மாமியாருக்கு எல்லாமே ‘சப்புன்னு’ இருக்கிறதாம்

கேள்வி: என் மாமியாருக்கு 67 வயது. இரண்டு மாதமாக எதைச் சமைத்துக் கொடுத்தாலும் ‘சப்புன்னு இருக்கு’ என்று தட்டைத் தள்ளிவிடுகிறார். சாம்பாரில் உப்பை அள்ளிப் போட்டுக்கொள்கிறார். ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை சாப்பிடுபவர் என்பதால் பயமாக இருக்கிறது. என் சமையல்தான் சரியில்லையா டாக்டர்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் சமையலைக் குறை சொல்லாதீர்கள் அம்மா. இத்தனை நாள் ருசித்த அதே கைப்பக்குவம் இரண்டு மாதமாக மட்டும் சப்பென்று ஆகிவிடாது. கோளாறை அவருடைய வாயிலோ மூக்கிலோதான் தேட வேண்டும்.

முதலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ‘சப்புன்னு’ என்றால் எப்படி என்று கேளுங்கள். ‘உப்பே உறைக்கலை’, ‘சக்கையை மெல்லுற மாதிரி’, ‘வாய் கசக்குது’, ‘இரும்பை நக்கின மாதிரி’ என்று என்னிடம் வருபவர்கள் சொல்வதை நான் அப்படியே சீட்டில் எழுதிக்கொள்வேன். கேட்க எல்லாம் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொரு இடத்தைக் காட்டும். ‘ரசம் வெந்நீர் மாதிரி இருக்கு, ஆனா புளிப்பு தெரியுது’ என்றார் ஒரு பெரியவர். அந்த ‘ஆனா’வில் விஷயம் முடிந்துவிட்டது. நாக்கு நன்றாகவே இருந்தது. சளி பிடித்ததில் மூக்கு மணத்தை இழந்திருந்தது.

நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பகுதி மணம். மெல்லும்போது தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறும் மணம். நீங்களே மூக்கைப் பிடித்துக்கொண்டு நாலு சீரகத்தை மென்று பாருங்கள், ஏதோ உமியை மெல்லுவது போலிருக்கும். கையை எடுங்கள், சட்டென்று சீரகம் வந்துவிடும்.

மாமியாருக்கும் வீட்டிலேயே சோதிக்கலாம். கண்ணை மூடச் சொல்லி, நாக்கில் ஒரு சிட்டிகை சர்க்கரை, வாய் கொப்பளித்த பின் உப்பு, அப்புறம் புளித்தண்ணீர் என்று கொடுங்கள். எது எது என்று சரியாகச் சொல்லிவிட்டு, காப்பிப் பொடியை மட்டும் முகர்ந்து சொல்லத் தெரியவில்லை என்றால், சிக்கல் மூக்கில். காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

உப்பும் புளியுமே தெரியவில்லை என்றால் வாயைத் திறக்கச் சொல்லுங்கள். நாக்கில் தயிர் ஏடு மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். சர்க்கரைக்காரர்களுக்கு இது அடிக்கடி வரும். நாக்கு சிவந்து வழவழவென்று இருந்தால் ரத்தச்சோகை, வைட்டமின் பி12 குறைவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எச்சில் வற்றி நாக்கு அண்ணத்தில் ஒட்டினாலும் ருசி ஏறாது. மேல்வரிசைப் பல்செட் புதிதாகக் கட்டியிருந்தாலும் ருசி குறையலாம்.

‘இரும்பை நக்கின மாதிரி’ என்றால் மாத்திரைகளைக் கவனியுங்கள். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் அப்படிச் செய்யும். ரத்த அழுத்தத்துக்கான எனலாப்ரில் வகையும் ருசியைக் கெடுக்கலாம். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். அட்டைகளை எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டுங்கள், மாற்றித் தர வழி உண்டு.

உப்பு விஷயத்தில் மட்டும் இன்றைக்கே கண்டிப்பாக இருங்கள். நாள் முழுக்க எல்லாம் சேர்த்து 5 கிராமுக்குள், அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூனுக்குள் இருக்க வேண்டும். ‘குறைந்த சோடியம்’ உப்பையும் கேட்காமல் வாங்காதீர்கள். அதில் பொட்டாசியம் உண்டு. எனலாப்ரில் வகை மாத்திரையோடும் சிறுநீரகக் கோளாறோடும் அது ஆபத்து. பதிலுக்கு எலுமிச்சை பிழியுங்கள், மிளகைக் கொஞ்சம் கூட்டுங்கள். மணம் போனவர்களுக்கும் காரம் தெரியும், ஏனென்றால் அதைக் கொண்டுபோகும் நரம்பே வேறு. சாதத்தோடு நறுக்கென்று கடிக்க வெள்ளரிக்காய் வையுங்கள்.

நாக்கில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், உடல் எடை குறைவது இருந்தால் தாமதிக்காமல் காட்டுங்கள். முகம் திடீரென ஒருபக்கம் கோணினால் அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

மூக்குதான் காரணம் என்று தெரிந்தால் கிராம்பு, எலுமிச்சை, ரோஜா, யூகலிப்டஸ் தைலம் நான்கையும் காலை மாலை தலா 20 விநாடி முகரும் பயிற்சி உண்டு. குறைந்தது மூன்று மாதம் விடாமல் செய்தால் பலருக்கு மணம் மெல்லத் திரும்புகிறது. அதுவரை பால் திரிந்த வாடையோ கேஸ் கசியும் வாடையோ அவருக்குத் தெரியாது. அவரை வீட்டில் தனியாக விட்டுப் போகும்போது சிலிண்டர் ரெகுலேட்டரை மூடிவிட்டுப் போங்கள்.